இரண்டு பக்கமும் எழுதிய தாள்

எங்கள் மாடிக்கட்டடத்தில் கதிர்காமநாதன் அண்ணை வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அடுத்ததாகப் போனைக் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு பிஸ்கட் ரின் இருந்தது. அவருடைய மனைவி கனகேஸ் அக்கா அதைக் கோயில் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார். நாங்கள் ஒவ்வொருவராகப் போனைப் போடுவோம். அக்கா ரின்னை மூடி, பழைய துவாயால் சுற்றி, பிரிட்ஜுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார். அதற்குப் பிறகுதான் அண்ணை வாயைத் திறப்பார். திறந்து என்ன சொல்வார்? வெங்காயம் விலை ஏறிவிட்டது என்பார்.

"போன் எண்டது என்ன, மிஸிஸ் யோகநாதன்? நாங்களே வாங்கி, நாங்களே சாப்பாடு போட்டு, தலைமாட்டிலை படுக்க வைக்கிற ஒற்றன்" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சாப்பாடு என்றது சார்ஜ் ஏற்றுவதை. அது 2007ஆம் ஆண்டு. வெள்ளவத்தைத் தமிழர் எல்லோரும் எதற்காவது பயந்துகொண்டிருந்த காலம். ஆள் கடத்த வருகிற வெள்ளை வானுக்குப் பயந்தோம், குண்டுக்குப் பயந்தோம், விடியற்காலையில் கதவு தட்டப்பட்டால் தட்டுவது பால்காரனாக இருந்தாலும் பயந்தோம். அண்ணை இவற்றோடு போன் சார்ஜருக்கும் சேர்த்துப் பயந்தார்.

அவருடைய பயத்துக்கு ஒரு தொழில்முறைக் காரணமும் இருந்தது. முப்பத்தொரு வருடம் ஓர் அரசாங்கக் கந்தோரில் தொலைபேசிப் பலகையில் இருந்தவர். வயரைச் செருகி ஆளோடு ஆளை இணைத்துவிடுகிறவனுக்கும் காது உண்டு என்பதை ஒருவரும் நினைப்பதில்லையாம். கேட்டதை ஒருநாளும் வெளியே விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். "எல்லா லைனிலையும் ஒரு கதிர்காமநாதன் இருக்கிறான். ஆனால் அவன் என்னைப்போல நல்லவனாய் இருப்பான் எண்டு என்ன நிச்சயம்?"

இவ்வளவு அந்தரங்கம் பார்க்கிற மனுசன் காலை ஆறு மணிக்குப் பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், யார் யார் வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள், கையில் என்ன கொண்டுவருகிறார்கள், போகும்போது ஏன் முகம் வாடியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் போகாது. கேட்டால், காற்று வாங்குகிறாராம்.

அவருடைய இரண்டாவது கொள்கை, ஒன்றையும் வீணாக்கக் கூடாது என்பது. அரை வாளித் தண்ணீரில் குளிப்பார். குளித்த தண்ணீர் துணி ஊறவைக்க, ஊறவைத்த தண்ணீர் நிலம் கழுவ. அவர்கள் குளியலறை யன்னல் எங்கள் படிக்கட்டுப் பக்கம் திறக்கும். அந்த வழியாகக் கோப்பையால் அளந்து ஊற்றும் சத்தம் கேட்கும், நான் எண்ணிக்கொண்டே இறங்குவேன், ஏழுக்கு மேல் ஒருநாளும் போனதில்லை. தீர்ந்துபோன டோர்ச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து உயிர் கொடுப்பார். வந்த கடித உறைகளைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வர மடித்து ஒட்டி, திரும்பவும் அனுப்புவார். எங்கள் வீட்டுக் குசினிக் கதவின் பின்னால், எல்லார் வீட்டையும் போல, சொப்பிங் பேக்குகள் அடைத்த ஒரு பெரிய சொப்பிங் பேக் தொங்கும். அதைக் கண்டால் மட்டும் அவருக்கு இரத்தம் கொதித்துவிடும். நான் கடலுக்கும் மண்ணுக்கும் இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கும் துரோகம் செய்கிறேன் என்று ஒருமுறை கால் மணித்தியாலம் பேசினார். நான் ரீ கொடுத்து நிறுத்தினேன்.

எல்லாவற்றிலும் மேலாக அவர் மதித்தது தாளை. "ஒரு தாளுக்கு இரண்டு பக்கம், மிஸிஸ் யோகநாதன். ஒரு பக்கத்தோடை எறியிறவன் அரைவாசியைத்தான் பாவிச்சிருக்கிறான்." இரண்டு பக்கமும் எழுதி முடிந்த தாளுக்கு அவரிடம் நெடுநாளாக ஒரு வழி இல்லாமல் இருந்தது. அந்த வருடம் ஜனவரியில் அரசாங்கம் மெல்லிய பொலித்தீன் பைகளைத் தடைசெய்தபோது அந்த வழியும் பிறந்தது. எங்கள் ஒழுங்கை முகப்பில் பலசரக்குக் கடை வைத்திருந்த மக்கீன் நானாவுக்கு இவர் கடதாசிப் பைகள் செய்துகொடுக்கத் தொடங்கினார். காசு வாங்கமாட்டார். நாட்டுக்குச் செய்கிற சேவை.

கட்டடத்தில் எல்லா வீட்டிலும் பழைய தாள் சேர்த்தார். பிள்ளைகளின் சோதனைத் தாள், லைட் பில், டொக்டரின் துண்டு, கலியாணம் குழம்பிப்போன வீடுகளின் சாதகப் பிரதி, எல்லாம் வந்தன. அக்கா கோதுமை மாவில் பசை காய்ச்சுவார், இவர் மடிப்பார். அந்தரங்கம் காக்க ஒரு விதியும் வைத்திருந்தார். கையெழுத்து உள்ளே, அச்சு வெளியே. அதாவது, யாருடைய இரகசியமும் பையின் வெளியே தெரியாது; பருப்பைக் கொட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும். கீழ்மாடி டோரின் ஆன்ரிக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு, என்று நான் அறிந்தது அரைக் கிலோ சீனி வாங்கிய பையிலிருந்துதான். இதை நான் அண்ணைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவும் வாசித்தபின் நீங்கள் அவரை ஒரு கோமாளி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், ஒருநாள் கனகேஸ் அக்கா சொல்லும்வரை. எண்பத்து மூன்றில் அவர்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தார்கள். தமிழர் வீடுகளை எரிக்கிற கலவரக் கூட்டம் வந்தபோது ஒழுங்கையில் எல்லா வீட்டையும் அது தொடவில்லை. முன்னால் வந்தவன் கையில் ஒரு தாள் இருந்ததாம். தாளைப் பார்ப்பான், வீட்டிலக்கத்தைப் பார்ப்பான், பிறகு கையைக் காட்டுவான். அப்போது பக்கத்து வீட்டில் இருந்த இதே டோரின் ஆன்ரிதான் மதிலுக்கு மேலால் இருவரையும் இழுத்துத் தன் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தவர். நட்டஈட்டு விண்ணப்பத்துக்கு ஏழு பிரதி கேட்டார்கள், அண்ணை பத்து டைப் அடித்தார், பதில் வரவில்லை.

நான் அதைப் பற்றி அவரிடம் ஒரே ஒருமுறை கதைத்தேன். வீடு எரிந்ததைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. அந்தத் தாளைப் பற்றித்தான் சொன்னார். "அதை ஆரோ ஒருத்தன் ஒரு மேசையிலை இருந்து எழுதினவன். என்ரை பேரை எழுதேக்கை அவன் ரீ குடிச்சுக்கொண்டு இருந்திருப்பானோ எண்டு நான் யோசிக்காத நாள் இல்லை" என்றார். அதற்குப் பிறகு நான் பிஸ்கட் ரின்னில் போனை முணுமுணுக்காமல் போட்டேன்.

2007 ஆனி மாதம் மகள் முறையான என் பெறாமகள் அருந்ததி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலிலும் பஸ்சிலுமாக வந்து சேர்ந்தாள். ஸ்கார்பரோவில் இருக்கிற புருசனிடம் போக விசா வரும்வரை என்னோடு தங்க வந்தவள். என் கணவர் யோகநாதன் டோகாவில் வேலை. வீட்டில் நான் தனி. நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் டைப்பிஸ்ட் வேலை செய்கிறவள் என்பதால் முறைகளை அறிவேன். வடக்கிலிருந்து வருகிறவர்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவை அவள் வந்த மறுநாளே எடுத்து, ஆறு போட்டோக் கொப்பியும் அடித்து வைத்தேன்.

அருந்ததி மாதக்கணக்காகப் போன் வேலை செய்யாத ஊரிலிருந்து வந்தவள். இங்கே அவளுக்குக் கிடைத்த முதல் ஆனந்தம் போன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் இல்லை, படிக்கட்டில்தான் இருந்தது. காலை ஐந்தரைக்கு ஸ்கார்பரோவில் இரவு எட்டு மணி, புருசன் வேலையால் வந்து சோறு போட்டுக்கொண்டிருப்பான். இவள் படியில் குந்தியிருந்து கதைப்பாள். ஊரில் கேட்காத லைனில் கத்திப் பழகிய தொண்டை. என்ன சமைத்தீர்கள், குளிருக்குச் சப்பாத்து வாங்கினீர்களா என்பதெல்லாம் நாலு மாடிக்கும் கேட்கும். முதலாம் மாடியில் இருந்த அண்ணைக்கு மிக நன்றாகக் கேட்கும்.

அவர் இரண்டு தடவை புத்தி சொன்னார். "பிள்ளை, போனிலை உப்பிடிக் கதைக்கப்படாது. கேக்கிறவன் கேப்பான்." அருந்ததி ஓம் என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் விடிய அதையே புருசனுக்குச் சொல்லிச் சிரித்தாள். கீழ் வீட்டு அங்கிள் போனைத் துவாயால் சுற்றிப் பிரிட்ஜுக்குப் பின்னால் வைக்கிறார், காய்ச்சல் வந்த குழந்தை மாதிரி என்று சொன்னாள். குளியலறை யன்னலுக்கு அந்தப் பக்கம் கோப்பைச் சத்தம் நின்றதை நான் கவனித்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது. அதுவும் என் பிழைதான்.

புரட்டாதி மாதம் நோன்புக் காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணை என் வாசலில் வந்து நின்றார். சேட் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. தாள் சேர்க்க அல்லாமல் அழையாத வீட்டுக்கு ஒருநாளும் போகாதவர்.

"மிஸிஸ் யோகநாதன், நேற்று மக்கீன் கடையிலை ஏதும் வாங்கினனீங்களோ? பை இருக்கோ?"

நான் எடுத்துக் கொடுத்தேன். உழுந்தை நிலத்தில் கொட்டினார், பையைக் கிழித்தார், உள்ளே பார்த்தார். யாரோ பிள்ளையின் பின்னக் கணக்கு. அப்படியே குசினித் தரையில் குந்திவிட்டார். என்ன நடந்தது என்று நான் மூன்று முறை கேட்ட பிறகுதான் சொன்னார்.

பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில். மேற்படி கட்டடத்தின் இரண்டாம் மாடியில், அண்மையில் வடக்கிலிருந்து வந்த அருந்ததி என்ற இளம்பெண், நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்குப் படிக்கட்டில் நின்று வெளிநாட்டிலுள்ள ஒரு நபருடன் நீண்டநேரம் உரையாடி வருவதைத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன், இங்ஙனம் சட்டத்தை மதிக்கும் குடிமகன். அனுப்பவில்லை. எழுதித் தன் பழைய பைலில் வைத்திருந்தார். நோன்புக்குப் பை கூடுதலாகத் தேவை என்று மக்கீன் நானா கேட்டிருக்கிறார், சேர்த்த தாள் பாதியில் முடிந்துபோயிற்று, கனகேஸ் அக்கா பைலைத் திறந்து, இரண்டு பக்கமும் எழுதியிருந்த தாள்களை எல்லாம் எடுத்து வியாழக்கிழமை பை செய்துவிட்டார். இரண்டு பக்கமும் எழுதின தாள் இனி என்னத்துக்கு உதவும்? வீட்டுச் சட்டமே அதுதானே. நேற்றுக் காலை நாற்பது பைகள் கடைக்குப் போய்விட்டன.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வருடம் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரை இப்படி ஒரு வசனத்தில் எழுதி ஒழுங்கையில் விட்டால் அது எந்த மேசைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. விசாவாவது மண்ணாவது, பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வருவாளா என்பதே கேள்வியாகிவிடும்.

"பெட்டிசமா எழுதினனீங்கள்? நீங்களா?"

"கோபத்திலை எழுதினது. அனுப்பேல்லை."

"எத்தினை தரம் எழுதினனீங்கள்?"

தலையைக் குனிந்துகொண்டார். "இது மூன்றாவது. முதல் இரண்டிலையும் இலக்கணம் சரிவரேல்லை. அதுகளைக் கிழிச்சுப் போட்டன்."

அனுப்ப நினைக்காதவன் இலக்கணம் திருத்துவதில்லை. புதுக்கடையில் இருபது வருடம் பெட்டிசம் டைப் அடித்தவளுக்கு இது தெரியாதா? எனக்கு வாயில் வந்ததைக் கேட்டேன். "எழுதேக்கை ரீ குடிச்சனீங்களோ, அண்ணை?" கேட்டிருக்கக் கூடாது என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அருந்ததி உள்ளறையில் படுத்திருந்தாள். அவளை எழுப்பிப் பயப்படுத்த வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டு அவரோடு இறங்கினேன். அவரை நம்பி அனுப்ப முடியாது.

"எப்பிடி அடையாளம் பிடிக்கிறது?" என்று படியில் கேட்டேன்.

"வெளிப்பக்கம் இங்கிலீசிலை டைப் அடிச்சிருக்கும்."

"என்ன டைப்?"

"ஏதோ பழைய அலுவல்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மக்கீன் நானா நோன்போடு கல்லாவில் இருந்தார். பாதிப் பைகள் கடையிலேயே இருந்தன. எல்லாவற்றையும் விரித்துப் பார்த்தோம், இல்லை. போனவை யார் யாரிடம் போயின என்று கேட்டோம். அவர் தாடியைத் தடவிக்கொண்டே ஒழுங்கையில் பாதிப் பேரைச் சொன்னார்.

"இதுக்கு ஏன் சேர் அலையிறீங்க? சொல்லுங்க, எல்லார்ட நம்பரும் எனக்கிட்ட இரிக்கி. ஒவ்வொருத்தருக்கா ஒரு கோல் போட்டாப் பத்து நிமிசத்தில பை வந்துரும்."

"போனிலை வேண்டாம்!" என்று அண்ணை கத்தினார். "போனிலை பையைப் பற்றிக் கதைக்கப்படாது!"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குண்டுக் காலத்தில் ஒரு பையைப் பற்றிப் போனில் கதைக்கக் கூடாது என்று ஒரு தமிழர் நடுக்கடையில் நின்று கத்தினால் எப்படி இருக்கும்? ஒருவர் வாங்கிய பருப்பை வைத்துவிட்டே போய்விட்டார்.

ஆகவே நடந்தோம். பல்கனியில் இருந்தபடி பத்து வருடமாகப் பார்த்த ஒழுங்கை வீடுகளுக்குள் அண்ணை முதல் தடவை கால் வைத்தார். கதவைத் தட்டுவார். திறந்ததும், "நேற்று மக்கீன் கடையிலை என்ன வாங்கினனீங்கள்?" என்பார். அந்தக் காலத்துப் பழக்கம் பாருங்கள், ஒருவர்கூட ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கவில்லை. எல்லோரும் உள்ளே ஓடிப்போய்ப் பொலிஸ் பதிவுத் தாளையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டில் வயதான ஐயா குளித்துக்கொண்டிருந்தவர், துவாயோடு வந்து மனைவிக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார். இன்னொரு வீட்டில், தம்பிக்காரன் நேற்று வந்தவன், இன்றைக்குத்தான் பதிவுக்குப் போகப் போகிறோம், சத்தியமாகப் போகப் போகிறோம் என்று கேட்காமலேயே அழத் தொடங்கினார்கள். பை என்றதும் இன்னும் மோசம். பைக்குள் என்ன, யார் வைத்த பை என்று நடுங்கினார்கள். பருப்புப் பை என்று விளக்க ஒவ்வொரு வீட்டிலும் நேரம் எடுத்தது.

டோரின் ஆன்ரி மட்டும் பயப்படவில்லை. பைக்குள் ஒருவருடைய அந்தரங்கம் இருக்கிறது என்று அண்ணை தொடங்கினார். "பிறைவசியா? நான் எல்லாத்தையும் அந்தோனியாரிட்டச் சொல்லிப்போட்டன், இனி ஆருக்குத் தெரிஞ்சா என்ன?" என்று தன் பைகளைத் தந்தார். அதில் ஒன்று அவருடைய சலரோக ரிப்போர்ட். அதைக் கண்டு ஆன்ரி அண்ணையை ஒரு பார்வை பார்த்தார். எண்பத்து மூன்றில் மதிலால் இழுத்தெடுத்த மனுசனை அப்படிப் பார்க்க அவருக்கு மட்டும்தான் உரிமை இருந்தது.

பத்தரை மணிக்குக் கிட்டத்தட்ட எல்லாப் பையும் பார்த்தாயிற்று. கடைக்குத் திரும்பி வந்தோம். மக்கீன் நானா நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அல்லாஹ்வே, ஒண்டு மறந்துட்டன். ரெயில் ரோட்டுப் பக்கத்துக் காவலுக்கு நிக்கிற பொலிஸ் தம்பி நேத்துச் சீனி வாங்கினார். வெளியில இங்கிலீஷ் டைப் அடிச்ச பைதான் குடுத்த ஞாபகம். பின்னேரம் நோன்பு திறக்கிற நெரிசல், வேற ஆரும் வந்தாங்களோ தெரியா."

அண்ணையின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நான் வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போய் அருந்ததியைக் கூட்டிக்கொண்டு கல்கிசைக்கோ எங்கேயோ ஓடிவிடலாமா என்றும் நினைத்தேன். அண்ணை மக்கீன் நானாவின் மேசைக்குக் கீழே குனிந்து, தடைசெய்யப்பட்ட மெல்லிய சொப்பிங் பேக் ஒன்றை இழுத்தெடுத்தார். அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சேட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு கடல் பக்கமாக நடந்தார். நான் பின்னால் போனேன்.

காவலரணில் ஓர் இளம் பொலிஸ்காரன் மண் மூட்டைகளுக்கு நடுவே தேநீர் வைத்துக்கொண்டிருந்தான். சீனிப் பை மண் மூட்டைக்கு மேல் இருந்தது. தூரத்திலேயே தெரிந்தது, வெளியே ஆங்கில டைப்.

"மொகத அங்கிள்?" என்றான், என்ன விசயம் என்று.

அண்ணை தன் கந்தோர்ச் சிங்களத்தில் பேசினார். கடற்காற்றுக்குக் கடதாசிப் பை சரிவராது, ஈரம் பிடித்துச் சீனி கட்டியாகிவிடும், எறும்பு வரும், இந்தா நல்ல பொலித்தீன் பை, கடதாசியைத் தந்தால் நான் கொண்டுபோய் எறிந்துவிடுகிறேன் என்றார். பொலித்தீனின் புகழை அவ்வளவு அழகாக ஒருவர் பாடி நான் கேட்டதில்லை.

"அனே, போஹொம ஸ்துதி" என்று நன்றி சொல்லிப் பையன் மகிழ்ந்துபோய்ச் சீனியைப் பொலித்தீனில் கொட்டினான். பிறகு, கொடுத்துவிடாமல், வெறும் பையைப் பிரித்து உள்ளே பார்த்தான். வாசித்தான். அவன் சிரித்தான். நூற்றுக்கு முப்பத்தெட்டாம், தன் தம்பியும் இப்படித்தானாம். ஏதோ பள்ளிக்கூடத்து வினாத்தாள், டைப் அடித்த கேள்விகளுக்குப் பின்பக்கத்தில் பிள்ளை எழுதிய விடைகள். அண்ணை அதை இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டார். பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்படியென்றால் கடிதம் எங்கே? திரும்பி நடந்தோம். எங்கள் கட்டடத்தின் படியில் ஏறும்போது இரண்டாம் மாடி வளைவில், அருந்ததி போன் கதைக்கிற அதே படியில், அண்ணை உட்கார்ந்துவிட்டார். இனி நடக்க முடியாது என்றார். அப்போது மேலே கதவு திறந்தது. அருந்ததி ஒரு கையில் ரீயும் மறு கையில் விரித்து மடித்த ஒரு பழுப்புத் தாளுமாக இறங்கி வந்தாள்.

"அங்கிள், இதையோ தேடினனீங்கள்?"

நேற்றுப் பின்னேரம் பயறு வாங்கப் போயிருக்கிறாள். அந்த நெரிசலில் போனவள் இவள்தான். பை அப்போதே அவள் கைக்கு வந்துவிட்டது. காலையில் குசினியில் நாங்கள் கதைத்தது முழுவதையும் உள்ளே படுத்திருந்து கேட்டிருக்கிறாள்.

"விடியத் தொடக்கம் நாய்படாப்பாடு படுறம். ஏனடி சொல்லேல்லை?" என்று நான் கத்தினேன்.

"அவர் கொஞ்சம் நடக்கட்டும் எண்டு விட்டனான், பெரியம்மா. நீங்களும் வெளிக்கிடுவியள் எண்டு நினைக்கேல்லை."

அண்ணை அந்தத் தாளைத் தொடவில்லை. "வாசிச்சனீரோ, பிள்ளை?"

"ஓம் அங்கிள். இரண்டு பக்கமும் வாசிச்சனான்."

அவள் தாளைத் திருப்பினாள். அப்போதுதான் நானும் மற்றப் பக்கத்தைப் பார்த்தேன். எண்பத்து மூன்றில் அவர் டைப் அடித்த பத்தில் அனுப்பாமல் மிஞ்சிய ஒரு பிரதி. எரிந்த பொருட்களின் பட்டியல். வெற்றுப் பக்கத்தை வீணாக்க மனமில்லாமல் அதிலேயே பெட்டிசத்தை எழுதியிருக்கிறார். அருந்ததி வாசித்தாள், பரிகாசம் இல்லாமல், மெதுவாக. தையல் மெசின் ஒன்று. ரேடியோ ஒன்று. கலியாணப் படம் சட்டத்துடன் ஒன்று. வாளி இரண்டு. வெற்றுப் பிஸ்கட் ரின் நான்கு, மூடியுடன்.

"வெறும் ரின்னுக்கும் கணக்குச் சொன்ன மனுசன் இதை அனுப்பியிருக்க மாட்டார் எண்டு நினைச்சன். அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள். பிறகு கேட்டாள். "அனுப்பியிருப்பியளோ, அங்கிள்?"

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் நம்பியும் இருப்போம்.

"தெரியேல்லை, பிள்ளை" என்றார்.

அந்தத் தாளை என் குசினித் தொட்டியில் வைத்து எரித்தோம். அவரேதான் நெருப்புக்குச்சி கிழித்தார். வாழ்நாளில் அவர் எரித்த முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும். அதன் பிறகு பை செய்வதை விட்டுவிட்டார். மக்கீன் நானா சத்தமில்லாமல் மேசைக்குக் கீழே இருந்து பொலித்தீனை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், நாட்டின் சட்டமும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அவரை மன்னிக்கவில்லை. அருந்ததி மன்னித்தாளா என்று கேட்டால், அவள் தோளைக் குலுக்குவாள். விசா வந்து அவள் புறப்பட இன்னும் ஏழு கிழமை ஆனது. தாளை எரித்த மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் பயந்து பயந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு படியில் போய் இருந்தாள். அங்கே ஒரு கதிரை போட்டிருந்தது. அண்ணையின் பல்கனிக் கதிரை. அவள் புருசனின் நம்பரை அழுத்தியதும் குளியலறை யன்னலுக்குள் தண்ணீர்க் குழாய் முழு வேகத்தில் திறந்தது. வாளி நிரம்பியது, வழிந்தது, இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் சொன்ன ஒரு சொல்கூட இரண்டு படி தள்ளி நின்ற எனக்குக் கேட்கவில்லை. யன்னலுக்கு உள்ளே நின்றவருக்கும் கேட்டிருக்காது.

"என்னப்பா இது, தண்ணி எல்லாம் வீணாய்ப் போகுது, பூட்டுங்கோ" என்று கனகேஸ் அக்கா பதறுவது மட்டும் கேட்டது.

"போகட்டும்" என்றார் அண்ணை. "பிள்ளை கதைச்சு முடியட்டும்."